சோயா இல்லாத புரதப் பொடி: டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து விற்போம்



மளிகைக் கடையில் காலத்துக்குக் காலம் புதுச் சரக்கு வந்து சேரும். ஒரு காலத்தில் டப்பாவில் அடைத்த மால்ட் பானம் புதுச் சரக்கு. பிறகு ஓட்ஸ் வந்தது. இப்போது புரதப் பொடி. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள், கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பகுதியில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞர்கள், சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மருந்து சாப்பிடும் நடுத்தர வயதினர் என்று பலரும் நம்மிடம் இதைக் கேட்கிறார்கள். வாழைப்பழம், பால், இந்தப் பொடி எல்லாவற்றையும் மிக்சியில் அடித்து 'ஸ்மூத்தி' என்று குடிக்கிறார்கள். அதிலும் ஒரு சிலர், "பால் சேராதது, சோயாவும் சேராதது இருக்கிறதா?" என்று குறிப்பாகக் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு நம்மில் பலர் டப்பாவின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறோம். முன்பக்கம் கம்பெனிக்காரரின் விளம்பரம். நமக்கு வேண்டிய விவரம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதைப் படிக்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் சோயா வேண்டாம் என்கிறார்கள்?

சோயா கெட்ட பொருள் அல்ல. நூறு கிராம் சோயா மொச்சையில் சுமார் 43 கிராம் புரதம் உண்டு. நம் கடையில் வழக்கமாக விற்கும் வேறு எந்தப் பயறும் அதற்குப் பக்கத்தில் வராது. ஆனால் சிலருடைய உடம்புக்கு அது ஒவ்வாது. தோலில் தடிப்பு, உதடு வீக்கம் தொடங்கி, கடுமையானால் மூச்சுத் திணறல் வரை போகும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேறொரு தொல்லை. சோயா அந்த மருந்து உடம்பில் சேருவதைக் குறைக்கக் கூடும். ஆகவே மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் இடையே நேரம் விடச் சொல்வார்கள் மருத்துவர்கள். 'ஏதோ நாகரிகத்துக்குக் கேட்கிறார்' என்று நாம் நினைக்கிற வாடிக்கையாளர், உண்மையில் மருத்துவர் சொல்லிக் கேட்பவராக இருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு சில்லரைக் கடையில் நடந்தது இது. ஓர் அம்மாள் தன் பேரனுக்குச் சத்துமாவு வாங்க வந்தார். "இதில் சோயா இல்லையே?" என்று கேட்டார். கடைப் பையன், "எல்லாம் தானியந்தான் பாட்டி, தைரியமாகக் கொடுங்கள்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். பாக்கெட்டில் ஒட்டியிருந்த சீட்டில் இருபத்திரண்டு பொருள்களின் பெயர் இருந்தது. பதினாறாவது பெயர் சோயா. அன்று இரவு குழந்தைக்கு உதடும் கண்ணிமையும் வீங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. பையன் பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னான். அந்தக் குடும்பம் அதன்பிறகு அந்தக் கடைப் படி ஏறவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர்களில் மாவு மில்லிலும் மகளிர் குழுக்களிலும் அரைக்கும் சத்துமாவில் சோயா சேர்ப்பது சாதாரண வழக்கம். தனியே சேர்க்காவிட்டாலும், முந்தைய ஈடு சோயா அரைத்த அதே இயந்திரத்தில் அடுத்த ஈடு விழுந்தால் ஒட்டிக்கொண்டிருந்த மாவு இதில் கலந்துவிடும். ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தக் கொஞ்சமே போதும்.

பின்பக்கத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் பொருள் பட்டியல். எடையில் அதிகமானது முதலிலும் குறைவானது கடைசியிலுமாக எழுத வேண்டும் என்பது விதி. 'தாவரப் புரதம்' என்று முன்னால் பெரிதாகப் போட்டிருந்தாலும், எந்தத் தாவரம் என்று பின்னால்தான் தெரியும். பட்டாணி, அரிசி, பாசிப்பயறு, பூசணி விதை என்று இருக்கலாம், சோயாவாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, சோயா வேறு வேடத்தில் வருவது. பொடி தண்ணீரில் கட்டிப்படாமல் கரைவதற்கு லெசித்தின் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அதன் எண் 322. பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பார்கள், சூரியகாந்தியிலிருந்தும் எடுப்பதுண்டு. எதிலிருந்து என்று போடாமல் '322' என்று மட்டும் இருந்தால், சோயா கூடாது என்பவருக்கு அந்த டப்பாவைக் கொடுக்க வேண்டாம். 'டெக்ஸ்சரைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்' என்பதும் அநேகமாகச் சோயாதான். நாம் மூட்டை மூட்டையாக விற்கும் மீல்மேக்கரும் சோயாதான் என்பது பல வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. கேட்பவரிடம் அதையும் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது, ஒவ்வாமை அறிவிப்பு. 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகளின்படி கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலையும் முந்திரி பாதாம் போன்ற பருப்புகளும், சோயா, சல்பைட் ஆகியவை இருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும். 'சோயா உள்ளது' என்றால் பேச்சே இல்லை. 'சோயா கலந்திருக்கலாம்' என்றாலும் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது.

நான்காவது, பச்சைப் புள்ளி. அது சைவம் என்பதற்கான அடையாளம் மட்டுமே. பாலும் நம் கணக்கில் சைவந்தான். பாலிலிருந்து எடுக்கும் 'வே' புரத டப்பாவிலும் பச்சைப் புள்ளி இருக்கும். பால் கூடாதவருக்குப் புள்ளியைக் காட்டி விற்றால் சங்கடம் வரும்.

'உயர் புரதம்' என்ற எழுத்து

2018-ஆம் ஆண்டின் விளம்பர விதிப்படி, ஒரு நாள் தேவையில் இருபது சதவீதப் புரதம் நூறு கிராமில் இருந்தாலே ஒரு திடப் பொருளை 'உயர் புரதம்' என்று சொல்லிக்கொள்ளலாம். அதாவது பதினொன்று, பன்னிரண்டு கிராம் இருந்தால் போதும். இப்போது நம் கடை மூட்டைகளைப் பாருங்கள். நூறு கிராமுக்குச் சுமாராகப் பொட்டுக்கடலையில் 22 கிராம், உளுந்தம் பருப்பிலும் பாசிப்பயறிலும் 24, காராமணியில் 24, கொள்ளில் 22, வேர்க்கடலையில் 25, முந்திரியில் 21, எள்ளில் 18 கிராம் புரதம். கம்பில் 11, கேழ்வரகில் 7. நாம் சாக்கில் அளந்து போடும் உளுந்து, 'உயர் புரதம்' என்று மினுக்கும் சில டப்பாக்களைவிட இரண்டு மடங்கு புரதம் கொண்டது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு நாமும் மிகைப்படுத்தக் கூடாது. பட்டாணிப் புரதப் பொடி என்பது பட்டாணி மாவு அல்ல. பட்டாணியை அரைத்துக் கரைத்து, மாவுச்சத்தையும் நாரையும் நீக்கிவிட்டுப் புரதத்தை மட்டும் உலர்த்தி எடுப்பது. நல்ல சரக்கில் நூறு கிராமுக்கு எண்பது கிராம்கூடப் புரதம் இருக்கும். டப்பாவில் ஒரு கரண்டிக்கு 24 கிராம் என்று போட்டிருந்தால், அதே புரதத்துக்குப் பொட்டுக்கடலை மாவு 110 கிராம் வேண்டும். கூடவே அறுபது கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் வரும். சர்க்கரை நோயாளியிடம் "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்லி விற்பது நியாயமாகாது.

யாருக்கு எது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும். அறுபது கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம். அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளைச் சாப்பிடுவதைத் தவிர்க்கும்படி சொல்லியிருக்கிறது. சேர்க்கும் சர்க்கரை, செயற்கை இனிப்பு, செயற்கை மணம் ஆகியவற்றையும் எச்சரித்திருக்கிறது. அதே ஆண்டு, கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரின் தலைமையில், இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்தார்கள். அவற்றில் ஏறத்தாழ எழுபது சதவீதம், லேபிளில் சொன்ன புரத அளவுக்குப் பொருந்தவில்லை. சிலவற்றில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சும் இருந்தது. விலை உயர்ந்த டப்பா என்பதாலேயே நம்பிவிட முடியாது என்பதற்கு இது ஒன்றே சாட்சி.

ஆகவே நோயாளியாக இருந்தால், குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறு உள்ளவராக இருந்தால், "டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று அனுப்புங்கள். ஒரு விற்பனை போகலாம். ஆள் போக மாட்டார். கடும் பயிற்சி செய்யும் இளைஞர் டப்பாப் பொடியே வேண்டும் என்றால், சோயா இல்லாத பட்டாணியும் அரிசியும் சேர்ந்த பொடியைக் காட்டலாம். பயறில் குறைவான சத்து தானியத்தில் உண்டு. தானியத்தில் குறைவானது பயறில் உண்டு. நம் முன்னோர் இட்லிக்கு அரிசியும் உளுந்தும் சேர்த்ததும், பொங்கலில் பாசிப்பருப்பைப் போட்டதும் இதே சேர்க்கைதான்.

மற்ற வீட்டுக்காரர்களுக்கு நம் மாவே போதும். ஒரு கிலோவுக்குப் பொட்டுக்கடலை அரை கிலோ, வறுத்த பாசிப்பயறு கால் கிலோ, வறுத்த கம்பு 150 கிராம், வறுத்த எள் 100 கிராம் என்று சேர்த்தால் நூறு கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம் கணக்கில் வரும். முப்பது கிராம் மாவில் ஆறு கிராம். ஒரு டம்ளர் பசும்பாலில் இன்னொரு ஆறு. வாழைப்பழத்தோடு அடித்துக் குடித்தால் பன்னிரண்டு கிராம் ஆகிவிட்டது. ஒன்று கவனிக்க வேண்டும். பயறுகளைப் பச்சையாக அரைத்துக் குடிக்கக் கூடாது, செரிக்காது. உள்ளே வேகும்படி நிதானமாக வறுத்துத்தான் அரைக்க வேண்டும். எள்ளும் சிலருக்கு ஒவ்வாது என்பதால் பெயரை மறைக்காமல் எழுத வேண்டும்.

நம் மண்ணின் சரக்கு

இந்த வியாபாரத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுவார்கள். பனியிலேயே விளையும் அந்தத் தரிசுப் பயறு மாசி, பங்குனியில் வரத்துக்கு வரும். விருத்தாசலத்தில் மல்லாட்டை, பண்ருட்டியில் முந்திரி. வெளியூர் டப்பாவுக்கு மூலப்பொருள் கடல் கடந்து வருகிறது. நமக்கு அரை நாள் லாரி ஓட்டம்.

அதற்காக வந்ததை வாங்கிவிடக் கூடாது. மல்லாட்டையில் ஈரமும் பூஞ்சையும் இருந்தால் அஃப்ளடாக்சின் வரும். சுருங்கிய பருப்பையும் கறுத்த பருப்பையும் பொறுக்கித் தள்ள வேண்டும். பொட்டுக்கடலையை முழுதாக வாங்கி நம் கண்முன் அரைப்பது நல்லது. மாவாக வந்தால் விலை குறைந்த பட்டாணி மாவு கலந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எள், மல்லாட்டை, முந்திரி சேர்ந்த மாவு எண்ணெய்ப் பசையால் சீக்கிரம் காறும். அரைத்த தேதியைப் போட்டு, சின்னப் பாக்கெட்டாக, கொஞ்சமாக அரையுங்கள்.

'சோயா இல்லாதது' என்று சீட்டு ஒட்டுவதானால், அதற்கென்று தனி நாள் வைத்து, இயந்திரத்தைச் சுத்தமாகத் துடைத்து, முதலில் இரண்டு கிலோ பொட்டுக்கடலையை ஓட்டி அதை ஒதுக்கிவிட்டு அரைக்கச் சொல்லுங்கள். கடும் ஒவ்வாமை உள்ளவருக்கு அதுவும் போதாது. சோயாவே நுழையாத மில்லில் அரைத்தது வேண்டும். அப்படி ஒரு மில் கிடைக்காவிட்டால் அந்தச் சீட்டை ஒட்டவே வேண்டாம். 'சோயா அரைக்கும் மில்லில் அரைத்தது' என்று எழுதுவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. தவறான லேபிளோடு விற்றால் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சொந்தமாகப் பாக்கெட் போடுகிறவர்கள் பதிவோ உரிமமோ பெற்று, அந்த எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட்டாக வேண்டும்.

விலையிலும் தள்ளுபடியிலும் இணைய வியாபாரிகளோடு நாம் போட்டியிட முடியாது. ஆனால் வாடிக்கையாளர் கேட்கும்போது மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவைத் திருப்பிப் படித்து, "இது உங்களுக்கு ஆகும், இது ஆகாது" என்று முகம் பார்த்துச் சொல்ல நம்மால் முடியும். தெரியாவிட்டால் "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லவும் முடியும். கடைப் பையன்களுக்கும் இந்த ஒரு வார்த்தையைக் கற்றுக் கொடுங்கள். மளிகைக் கடைக்கு முதல் என்பது கல்லாப்பெட்டியில் மட்டும் இல்லை; சொன்ன சொல்லிலும் இருக்கிறது.