மரம் உலர்த்தும் சூளை

சூளை என்றதும் செங்கல் சுடும் சூளைதான் நம் நினைவுக்கு வரும். இது வேறு சூளை. இது செங்கல்லால் கட்டிய ஓர் அறை. இதற்குள் மரப் பலகைகளை அடுக்கி உலர்த்துவார்கள்.

மரத்தை ஏன் உலர்த்த வேண்டும்? பச்சை மரத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது. சில மரங்களில் பாதி எடை தண்ணீர்தான். அதில் அப்படியே கதவு செய்தால் என்ன ஆகும்? காயக் காயப் பலகை அகலத்தில் சுருங்கும். இணைப்பு விட்டுப்போகும். கடன் வாங்கிப் போட்ட கதவு ஒரே கோடையில் கோணிக்கொள்ளும். நாம் தச்சரைத் திட்டுவோம். பல நேரம் குற்றம் அவர் கையில் இல்லை. மரத்தின் ஈரத்தில் இருக்கிறது.

நிழலில் அடுக்கி வைத்தாலும் மரம் காயும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். தடித்த மரத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். சூளையில் ஓர் அங்குலப் பலகை சில வாரங்களுக்குள் காய்ந்துவிடும்.

இதை நம் நாட்டில் ஆராய்ந்து வளர்த்த முக்கிய இடம் டேராடூன். உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே 1906-இல் வன ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. எந்த மரத்துக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் தேவை என்று அங்கே சோதித்து அட்டவணை போட்டார்கள்.

சூளைக்குள் போவோமா? சுவர் தடிப்பானது. சூடு வெளியே போகாது. கதவு இறுக மூடும். பலகைகளுக்கு இடையே சிறு குச்சிகளை வைத்து அடுக்குகிறார்கள். அந்த இடைவெளியில் காற்று ஓட வேண்டும். கொதிகலனில் இருந்து வரும் நீராவி, குழாய்கள் வழியே ஓடி அறையைச் சூடாக்குகிறது. விசிறி அந்தச் சூட்டைப் பரப்புகிறது. ஈரக் காற்று வெளியேறச் சுவரில் துளைகள் உண்டு.

ஒரு வேடிக்கை பாருங்கள். உலர்த்தும் அறைக்குள்ளேயே நீராவியையும் விடுகிறார்கள்! ஏன்? ஏரி வற்றும்போது மேல்மண் முதலில் காய்ந்து வெடிக்கிறது அல்லவா? மரமும் அப்படித்தான். மேற்புறம் முந்திக் காய்ந்தால் வெடிப்பு விழும். அறைக் காற்றில் ஈரம் இருந்தால் மேற்புறம் மெல்லக் காயும். உள்ளே இருக்கும் நீரும் வெளியே வர நேரம் கிடைக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் கூட்டி, ஈரத்தைக் குறைப்பார்கள். அவசரப்பட்டால் அத்தனை மரமும் பாழ்.

காய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? ஒரு சிறு துண்டை வெட்டி எடை போடுவார்கள். 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை அடுப்பில் முழுக்க உலர்த்தி மறுபடி எடை போடுகிறார்கள். இப்போது 80 கிராம். போன தண்ணீர் 20 கிராம். 80-க்கு 20 என்றால் ஈரம் 25 சதவீதம். மேசை, நாற்காலிக்கு இது போதாது. ஏறக்குறைய 12 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். ராஜஸ்தான் போன்ற வறண்ட ஊருக்கு இன்னும் குறைய வேண்டும். கடலோரத்தில் சற்றுக் கூடுதலாக இருக்கலாம்.

நாள்பட்ட நீராவி செங்கல் சுவரையும் அரிக்கும். அதனால் உட்புறம் தார் போன்ற பூச்சு பூசிக் காத்தார்கள். இன்று அலுமினியத் தகட்டால் செய்த சூளைகள் வந்துவிட்டன. 1970-களில் டேராடூன் நிலையம் வெயிலால் சூடாகும் சூளையையும் செய்து பார்த்தது. அதற்குக் கொதிகலன் வேண்டாம். சிறு மரப்பட்டறைக்கு ஏற்றது.