எஞ்சின் வென்றது, தகடு தோற்றது

பழைய பிஎம்டபிள்யூ எம்3 ஒன்று விலைக்கு வந்தால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வதில்லை. காரை லிஃப்டில் ஏற்றச் சொல்கிறார்கள். இ46 என்று அழைக்கப்படும் தலைமுறை அது. 2000 முதல் 2006 வரை ஜெர்மனியின் ரேகன்ஸ்பூர்க் ஆலையில் தயாராகி, சுமார் 85,000 கார்கள் விற்பனையாயின. வரிசையாக ஆறு சிலிண்டர், 3.2 லிட்டர், 343 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை இரைந்துகொண்டு ஏறும் எஞ்சின். அதற்கு இன்றும் தீராத ரசிகர்கள் உண்டு. ஆனால் அந்த எஞ்சின் கொடுக்கும் விசையை வாங்கித் தாங்க வேண்டிய பின்பக்கத் தரைத் தகடு நாளடைவில் விரிசல் விட்டுவிடுகிறது.

காரணம் புரிய, அடிப்பக்கம் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். பின்சக்கரங்களைப் பிடிக்கும் குறுக்குக் கைகளும், எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலும் சப்ஃபிரேம் எனப்படும் ஓர் இரும்புச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றன. அந்தச் சட்டம் பெரிய ரப்பர் புஷ்கள் வழியாக நான்கே இடங்களில் காரின் உடலோடு போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. அந்த நான்கு போல்ட்டுகளையும் ஏற்கும் இணைப்புகள், மடித்து அழுத்திய மெல்லிய தரைத் தகட்டில் ஸ்பாட் வெல்டிங் வைத்து ஒட்டப்பட்டவை. பழைய அம்பாசடரில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் டிஃபரன்ஷியலும் அச்சும் ஒரே குழாயாக இருக்கும். அச்சு முறுக்கிக்கொள்ளும் விசையை நீளமான பட்டை ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொள்ளும். எம்3 போன்ற தனித்தனி சஸ்பென்ஷன் காரில் அந்த விசை முழுவதும் சட்டத்துக்குப் போய், சட்டத்திலிருந்து தகட்டுக்குப் போகிறது.

எவ்வளவு விசை? எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 365 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது 4.23 மடங்காகிறது, டிஃபரன்ஷியலில் மேலும் 3.62 மடங்கு பெருகுகிறது. பின்சக்கரங்களை எட்டும்போது கிட்டத்தட்ட 5,600 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் 570 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு அது. சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது டிஃபரன்ஷியல் பெட்டி அதே அளவில் எதிர்ப்பக்கம் புரளப் பார்க்கும்; அதன் மூக்கு மேலே எழும்பும், சட்டமும் கூடவே திமிறும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எல்லாம் தலைகீழ். ஓட்டுகிறவர் காலை வைக்க வைக்க, எடுக்க எடுக்க, தகடு மேலும் கீழுமாக நெளிகிறது. ஒரு கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி ஒடிப்பதுபோலத்தான். முதலில் ஸ்பாட் வெல்டுகள் விட்டுக்கொடுக்கும். பிறகு இணைப்பைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு கிளம்பும்.

இது எம்3-க்கு மட்டும் வந்த வியாதியல்ல. பலம் குறைந்த 323ஐ, 328ஐ போன்ற இ46 கார்களிலும் இதே விரிசல் வந்திருக்கிறது. பலம் கூடக் கூட வியாதி சீக்கிரம் முற்றுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு நிறுவனம் கையாண்ட வழிகளில் ஒன்று, தகட்டுக்கு உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் இறுகும் ஃபோமைப் பீய்ச்சி நிரப்புவது. நெளிவை அது குறைக்கும், உண்மை. ஆனால் விட்டுப்போன வெல்டை அது ஒட்டித்தராது. பின்னாளில் யாராவது அங்கே வெல்டிங் வைக்க நேர்ந்தால் உள்ளே இருக்கும் ஃபோம் பொசுங்கி, நச்சுப் புகையாக மூஞ்சியில் அடிக்கும். இன்னொரு வழி, தரைப் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டுப் புதிய தகடு வைப்பது. செலவைக் கேட்டால் தலை சுற்றும். வருவதும் அதே வடிவமைப்பில் செய்த தகடுதான். ஆகவே கார்க்காரர்கள் பலர் போவது மூன்றாவது வழியில்: விரிசலை அடைத்து, மேலே கனமான இரும்புத் தகடு வைத்துப் பற்றவைப்பது.

அந்த வேலை எளிதல்ல. சைலன்சரைக் கழற்ற வேண்டும், புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிரிக்க வேண்டும், பிரேக் குழாய்களும் ஹேண்ட் பிரேக் கேபிள்களும் ஏபிஎஸ் வயர்களும் விடுபட வேண்டும். பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு அடியில், நெருப்புப் பொறி விழும் தூரத்தில் இருப்பதால் அதையும் இறக்கிவிடுவது நல்லது. இந்தக் காரில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அதன் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். பிறகு பெரிய ஜாக்கியைக் கொடுத்து, சட்டத்தை டிஃபரன்ஷியலோடு கீழே இறக்குகிறார்கள். அப்போதுகூட விரிசல் கண்ணில் படாது. கெட்டியாகப் பூசிய அடிப்பூச்சு எல்லாவற்றையும் மூடிவைத்திருக்கும். ஹீட் கன்னால் சூடாக்கிச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்த பிறகுதான் எத்தனை இடத்தில் பிளந்திருக்கிறது என்று கணக்குத் தெரியும்.

கண்டுபிடித்த விரிசலின் நுனியில் சின்னத் துளை போடுவார்கள். அது மேற்கொண்டு ஓடாமல் தடுப்பதற்காக. பிறகு விரிசலைக் கீறி அகலப்படுத்தி வெல்டிங்கால் நிரப்பிச் சமன் செய்து, இணைப்பின் வடிவத்துக்கே வெட்டிய தகட்டை மேலே வைக்கிறார்கள். ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால் சூட்டில் மெல்லிய தரை கோணிவிடும். இணைப்பு சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சட்டத்தின் போல்ட்டுகள் ஏறாது. அதனால் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி, ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் வைக்க வேண்டும். சிலர் தகட்டுக்கு அடியில் எபாக்ஸி பசையும் பூசுகிறார்கள். ரேஸ் ஓட்டுகிறவர்கள் இத்தோடு நிற்பதில்லை. காருக்கு உள்ளே ஓர் இரும்புக் குழாயைக் கொடுத்து இணைப்புகளை உடலின் வலுவான பகுதிகளோடு கட்டிவிடுகிறார்கள். போல்ட் இருக்கும் ஒரு புள்ளியில் குவியும் விசையைப் பெரிய பரப்புக்குப் பிரித்துக்கொடுப்பதே இத்தனைக்கும் நோக்கம். கடைசியில் பிரைமர், சீலர், உட்குழிகளில் மெழுகு. இதை விட்டுவிட்டால் வெல்டிங் வைத்த இடத்தில் துரு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சட்டம் வெளியே இருக்கும்போதே புஷ்களையும் மாற்றிவிடுவது வழக்கம். இங்கேதான் பலர் ஆசைப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். ரப்பரை எடுத்துவிட்டு கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போட்டால் கார் விறைப்பாக, சொன்னபடி திரும்பும். ஆனால் ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த அதிர்ச்சியெல்லாம் இனி நேராகத் தகட்டுக்கே போகும். தகட்டைப் பலப்படுத்தாமல் புஷ்ஷை மட்டும் கெட்டியாக்குவது விரிசலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். சாலையில் ஓட்டும் காருக்குப் புதிய ரப்பரே போதும். சக்கரக் கைகளின் புஷ்களையும் மாற்றினால், அவற்றைக் கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால் காரை இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே நின்று, சீக்கிரம் கிழிந்துவிடும்.

எல்லாம் பூட்டியபின் வீல் அலைன்மெண்ட். இந்தக் காரில் பின்சக்கரத்தின் டோ எனப்படும் திசைக் கோணத்தை இழுவைக் கையின் (டிரெயிலிங் ஆர்ம்) முன் புஷ் பிராக்கெட்டை நகர்த்தியும், கேம்பர் எனப்படும் சாய்வைக் கீழ்க்கையின் எக்சென்ட்ரிக் போல்ட்டைத் திருப்பியும் வைக்க வேண்டும். இரண்டும் கழன்ற வேலை என்பதால் பழைய அளவு எதுவும் மிஞ்சியிருக்காது.

இதே நிறுவனத்தின் இசட்3 கூப்பேயிலும் எம்3-இன் எஞ்சினை வைத்தபோது இதற்குச் சொந்தக்காரப் பிரச்சினை ஒன்று தலைகாட்டியது. அதில் டிஃபரன்ஷியலின் பின்பக்கம் ஒற்றைக் காது ஒன்றால் டிக்கித் தரையிலிருந்து தொங்குகிறது. அங்கே ஸ்பாட் வெல்டுகள் பிய்ந்தன. அதற்கும் மருந்து தகடுதான். இரட்டைக் காது கொண்ட மூடிக்கு மாறியவர்களும் உண்டு.

எம்3 வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தகடு வைத்த கார் என்றால் சட்டத்தை இறக்கி வேலை செய்தபோது எடுத்த படங்களையும் பில்லையும் கேளுங்கள். மேலே புத்தம்புதிதாகப் பூசிய அடிப்பூச்சு மட்டும் பளபளத்து, படம் ஒன்றும் இல்லையென்றால், விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு ஆகும் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.