சாமுக்காக யார் பேசுவீங்க?

இந்த வாரம் கோடும் இல்லை, கேட்ஜெட்டும் இல்லை. ஒரு கதைப் புத்தகத்தை வகுப்பில் எப்படி விவாதமா நடத்தலாம்னு பேசப்போறோம். இது எங்கிருந்து வந்ததுன்னு முதல்ல சொல்லிடறேன்.

என் அக்கா பொண்ணு நியூஜெர்சியில் ஏழாம் வகுப்பு படிக்கிறா. அவங்க கிளாஸில் அமெரிக்க சுதந்திரப் போர் பற்றி ஒரு டிபேட். பாதிப் பேர் பேட்ரியாட், அதாவது சுதந்திரம் கேட்டவங்க. மீதிப் பேர் லாயலிஸ்ட், அதாவது இங்கிலாந்து ராஜா பக்கம் நின்னவங்க. இவளுக்கு விழுந்தது ராஜா கட்சி. "மாமா, தோத்த கட்சிக்கு நான் என்னத்த பேசறது?"ன்னு வீடியோ காலில் ஒரே புலம்பல்.

நியாயமான கேள்வி. ரிசல்ட் தெரிஞ்ச மேட்ச் அது. 250 வருஷம் கழிச்சு, அதுவும் அமெரிக்காவிலேயே உட்கார்ந்துக்கிட்டு, ராஜா கட்சிக்குப் பேசினா வில்லன் வேஷம்தான் மிஞ்சும். ஆனா அவங்க படிச்ச நாவல் அப்படி ரெண்டு கட்சியா பிரியற கதையே இல்லை.

நாவலோட பேர் 'மை பிரதர் சாம் இஸ் டெட்'. 1974-இல் வந்தது. எழுதினவங்க ஜேம்ஸ் லிங்கன் காலியர், கிறிஸ்டோபர் காலியர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர். ஒருத்தர் எழுத்தாளர், இன்னொருத்தர் வரலாற்றுப் பேராசிரியர். கதை நடக்கிறது கனெக்டிகட்டில் ரெடிங் என்கிற சின்ன ஊரில். 1775 ஏப்ரல் மாசம், யேல் காலேஜில் படிக்கிற 16 வயசு சாம் சிப்பாய் உடுப்போட வீட்டுக்கு வர்றான். லெக்சிங்டனில் சண்டை ஆரம்பிச்சிடுச்சு, நானும் சேரப்போறேங்கிறான். (அந்த யேல், நம்ம சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னரா இருந்த எலிஹு யேலோட பேர்தான். மெட்ராஸில் சேர்த்த சொத்திலிருந்து அவர் கொடுத்த நன்கொடைக்குத்தான் அந்தக் காலேஜுக்கு அவர் பேரை வச்சாங்க.)

சாமோட அப்பா டேவர்ன் நடத்துறவர். சாப்பாடு, சாராயம், தங்க இடம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அவர் ராஜாவோட பரம பக்தர் ஒண்ணும் கிடையாது. முன்னாடி லூயிஸ்பர்க் சண்டைக்குப் போய்ப் பிணங்களைப் பார்த்துட்டு வந்தவர், அதனால இன்னொரு சண்டையே வேண்டாங்கிறார். நடுவில் மாட்டிக்கிட்டவன் தம்பி டிம். கதையைச் சொல்றவனும் அவன்தான். அப்பா பேசும்போது அப்பா சொல்றது சரின்னு படுது, அண்ணன் பேசும்போது அண்ணன் சொல்றது சரின்னு படுது.

இப்போ டிபேட்டுக்கு வருவோம். "நீ லாயலிஸ்ட், பேசு"ன்னு ஒரு பிள்ளைகிட்ட சொன்னா, அது இன்டர்நெட்டில் நாலு பாயின்ட் தேடி ஒப்பிச்சிட்டுப் போயிடும். அதனால ரோல் கார்டில் கொள்கையை எழுதவே கூடாது. பிழைப்பைத்தான் எழுதணும். டேவர்ன்காரர்: உன் மாடுகளை ஹட்சன் நதிக்கரை வரைக்கும் ஓட்டிட்டுப் போய் விக்கிறே, அந்த இறைச்சி கடைசியில் பிரிட்டிஷ் சிப்பாய் தட்டுக்கும் போகலாம். ஆங்கிலிக்கன் பாதிரியார்: ராஜாவுக்கு விசுவாசமா இருப்பேன்னு சத்தியம் பண்ணித்தான் இந்த வேலைக்கு வந்தே, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அவர் பேரைச் சொல்லியே ஆகணும். அம்மா: ஒரு பையன் சண்டைக்குப் போயிட்டான், இன்னொருத்தன் போகத் துடிக்கிறான். இவங்கள்ல யார் எந்தக் கட்சின்னு கார்டு சொல்லாது, பிள்ளைங்களே முடிவு பண்ணட்டும். முடிவு பண்ண முடியலைன்னாலும் பரவாயில்லை, ரெடிங்கில் நிறைய பேர் அப்படித்தான் இருந்திருப்பாங்க.

ரெண்டாவது, தேதியைப் பூட்டணும். இன்னைக்கு 1775 ஏப்ரல்னா, அதுக்கு மேல நடந்தது எதையும் யாரும் பேசக்கூடாது. ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதி ஆகலை, அமெரிக்கான்னு ஒரு நாடே இல்லை. உலகத்திலேயே பெரிய கடற்படையை எதிர்த்து விவசாயிங்க துப்பாக்கி தூக்கறாங்க. அந்தத் தேதியில் நின்னு பார்த்தா ராஜா கட்சிதான் புத்திசாலித்தனமாத் தெரியும். என் அக்கா பொண்ணுக்கு நான் சொன்ன ஒரே டிப்ஸ் இதுதான். கூடவே அவ ஊர் கதையும் சொன்னேன். நியூஜெர்சியில் ராஜா நியமிச்ச கடைசி கவர்னர் வில்லியம் பிராங்க்ளின், சாட்சாத் பெஞ்சமின் பிராங்க்ளினோட மகன். அப்பா சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். மகன் ராஜாவை விடலை, ஜெயிலுக்குப் போனார், கடைசியில் இங்கிலாந்துக்கே போயிட்டார். உயிலில் கூட அப்பா அவருக்குக் கிட்டத்தட்ட ஒண்ணும் வைக்கலை. அவரை மாதிரி சுமார் 60,000 பேர் நாட்டை விட்டே வெளியேறினாங்க.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. டிபேட்டை ஒரே ரவுண்டில் முடிக்காம, கதையில் வர்ற சம்பவங்களை ஒவ்வொண்ணா உள்ளே விடணும். முதல் ரவுண்டு முடிஞ்சதும் டீச்சர் ஒரு அட்டையைப் படிக்கிறார்: பேட்ரியாட் படை ஊருக்குள் வந்து எல்லார் வீட்டுத் துப்பாக்கியையும் பிடுங்குது, டேவர்ன்காரரை வாளால் முகத்தில் அடிக்குது. சுதந்திரம் பேசின பிள்ளைங்க இப்போ என்ன சொல்வாங்க? அடுத்த அட்டை: 1777 ஏப்ரல், பிரிட்டிஷ் படை டான்பரியை எரிக்கப் போற வழியில் ரெடிங்கைக் கடக்குது, ஊர்ப் பையனைக் கைதியாப் பிடிச்சுட்டுப் போகுது. இப்போ ராஜா கட்சி வாயைத் திறக்கணும். நாவலில் அப்பா சாகிறதே ராஜாவோட கைதிக் கப்பலில்தான். நியூயார்க் பக்கம் நிறுத்தி வச்சிருந்த அந்த மாதிரிக் கப்பல்களில், போர் முழுக்கச் செத்தவங்க 11,000-க்கும் மேலன்னு ஒரு கணக்கு உண்டு.

கடைசி அட்டை, 1779 பிப்ரவரி. தன் சொந்த வீட்டு மாட்டைத் திருடினான்னு சாம் மேல பொய்ப் பழி. பிடிச்சது அவனோட படையேதான். ஜெனரல் இஸ்ரேல் புட்னம் மரண தண்டனை கொடுத்துட்டார். மத்த சிப்பாய்ங்களுக்குப் பாடமா இருக்கணுமாம். அந்தக் குளிர்காலத்தில் புட்னம் நிஜமாவே ரெடிங்கில் முகாம் போட்டு ரெண்டு பேரைக் கொன்னார், ஒருத்தர் உளவாளி, ஒருத்தர் படையை விட்டு ஓடின சிப்பாய். மீக்கர் குடும்பம் கற்பனை. எது நிஜம், எது கற்பனைன்னு நாவலாசிரியர்களே பின்னுரையில் சொல்றாங்க, அதை டிபேட் முடிஞ்ச பிறகு படிக்க வைக்கிறது நல்லது.

இந்த ரவுண்டில் கட்சி கிடையாது. புட்னம் நாற்காலியில் டீச்சர். கேள்வி ஒண்ணே ஒண்ணு: சாமுக்காக யார் எழுந்து பேசுவீங்க? ராஜா கட்சிப் பாதிரியார் பேசினா எடுபடுமா, இல்லை சந்தேகம்தான் கூடுமா? பேட்ரியாட் பக்கத்து வீட்டுக்காரர் பேசினா அவர் மேலயும் பழி வருமா? வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவங்களுக்கு இப்போ பேச முகம் இருக்கா?

ஒரு இடத்தில் மட்டும் நடிப்பு வேண்டாம். நாவலில் நெட் என்கிற கறுப்பின அடிமை வர்றார், பிரிட்டிஷ் படை அவரைக் கொல்லுது. எந்தப் பிள்ளைக்கும் அடிமை வேஷம் கொடுக்காதீங்க. நல்ல எண்ணத்தோட செஞ்சாலும் அது அந்தப் பிள்ளைக்கு அவமானமாத்தான் முடியும். அதுக்குப் பதிலா ஆவணத்தைப் படிக்கலாம். 1775 நவம்பரில் வர்ஜீனியா கவர்னர் டன்மோர், கலகக்காரங்களோட அடிமைங்க எங்க படையில் சேர்ந்தா விடுதலைன்னு அறிவிச்சார். ஜார்ஜ் வாஷிங்டனோட பண்ணையிலிருந்தே ஹாரி வாஷிங்டன்னு ஒருத்தர் தப்பிச்சு பிரிட்டிஷ் பக்கம் போயிட்டார். 1783-இல் நியூயார்க்கிலிருந்து நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பல் ஏறினார். அவருக்கு ராஜா கட்சிதான் சுதந்திரக் கட்சி. இதைப் படிச்சதும் வகுப்பில் ஒரு அமைதி வரும், அதை உடனே பேசி நிரப்பாதீங்க.

எல்லாம் முடிஞ்சதும் ரோல் கார்டைத் திருப்பி வாங்கிடணும், பிள்ளைங்க அவங்களா ஒரு பத்து நிமிஷம் பேசட்டும். மூணு பீரியட் போதும். ஒரே பீரியட்தான் கிடைச்சுதுன்னா மத்த ரவுண்டையெல்லாம் விட்டுட்டு, புட்னம் ரவுண்டை மட்டும் வைங்க. அக்கா பொண்ணோட கிளாஸில் யார் ஜெயிச்சாங்கன்னு கேட்டேன், மார்க்கே போடலையாம். அவ டேவர்ன்காரரா பேசினாளாம், மாடு விக்கிறது துரோகமான்னு அரை மணி நேரம் சண்டையாம்.