மூட்டு மாற்றிய பின் வலியா? சிஆர்பி ரிப்போர்ட்டை மட்டும் நம்பாதீங்க

முழங்கால் மூட்டு மாற்றி ஒரு வருஷம் ஆச்சு; இப்போ திடீர்னு வலி, வீக்கம். உள்ளே கிருமித்தொற்றா? டாக்டர் முதலில் எழுதித் தருவது சிஆர்பி, இஎஸ்ஆர் ரத்தப் பரிசோதனைகள்.

ஆபரேஷன் முடிந்த 2, 3 நாளில் சிஆர்பி உச்சத்துக்குப் போவது சகஜம்தான். சில வாரங்களில் இறங்கிவிடும். இஎஸ்ஆர் இறங்க மாதக்கணக்கில் ஆகலாம். அதற்கெல்லாம் பிறகும் சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் சந்தேகம் வரும். ஆனால் முடக்குவாதம், நிமோனியா இருந்தாலும் அது ஏறும். மெதுவாக வளரும் கிருமி என்றால், தொற்று இருந்தும் ரிப்போர்ட் நார்மல்னு வரலாம்!

எனவே மூட்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன்பே மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டால், கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகலாம். எந்த மருந்து கொடுப்பது என்பதே குழப்பமாகிவிடும்.