சோறா, சொல்லா?

சில மாதங்களுக்கு முன்பு ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் மனித உரிமைகள் குறித்துப் பேசிவிட்டு அமர்ந்தேன். மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, சீனாவில் பேச்சுரிமை இல்லை என்கிறீர்கள். ஆனால், சுமார் 80 கோடிப் பேரை அந்நாடு வறுமையிலிருந்து மீட்டிருக்கிறது. பசித்தவனுக்கு முதலில் வேண்டியது சோறா, பேச்சுரிமையா?" என்று கேட்டார். அரங்கில் கைதட்டல் எழுந்தது.

அந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 80 கோடி என்பது உலக வங்கியும் ஏற்றுக்கொண்ட கணக்கு. பசியிலிருந்து விடுபடுவதும் மனித உரிமையே. உயிர் வாழ்வதற்கான உரிமையே தலையாயது என்று சீன அரசு 1991-இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கையிலிருந்து இன்றுவரை கூறி வருகிறது. ஆனால், சோறும் சொல்லும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. சீனாவின் வரலாறே அதை மறுக்கிறது.

1958-இல் மா சேதுங் 'மாபெரும் பாய்ச்சல்' திட்டத்தைத் தொடங்கினார். விளைநிலங்கள் மக்கள் கம்யூன்களின் கீழ் வந்தன. மேலிடத்தை மகிழ்விப்பதற்காக உள்ளூர் அதிகாரிகள் விளைச்சலைப் பல மடங்கு உயர்த்திக் காட்டினர். அந்தப் பொய்க் கணக்கின்படி அரசு தானியத்தைக் கொள்முதல் செய்தது. விளைவித்தவனின் வீட்டில் ஒரு படி தானியமும் மிஞ்சவில்லை.

இது தலைமைக்கு எட்டாமல் இல்லை. 1959 ஜூலையில் லூஷானில் கட்சித் தலைவர்கள் கூடியபோது, பாதுகாப்பு அமைச்சர் பெங் தெகுவாய் திட்டத்தின் குறைகளைச் சுட்டிக்காட்டி மாவோவுக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் எழுதினார். அவர் புரட்சிப் போரில் படை நடத்தியவர். கட்சியின் எதிரி அல்லர். ஆயினும் 'வலதுசாரிச் சந்தர்ப்பவாதி' என்று முத்திரை குத்தப்பட்டுப் பதவி இழந்தார். அமைச்சருக்கே இந்தக் கதி என்றால், கிராமத்து ஊழியர் எப்படி உண்மையைச் சொல்வார்?

ஹெனான் மாகாணத்தின் சின்யாங் பகுதியில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். அங்கிருந்து உதவி கேட்டு எழுதப்பட்ட கடிதங்கள் அஞ்சல் நிலையங்களிலேயே முடக்கப்பட்டன. அதே காலத்தில் சீனா தானியத்தை ஏற்றுமதியும் செய்துகொண்டிருந்தது. பஞ்சத்தில் இறந்தோரின் எண்ணிக்கையை ஆய்வாளர்கள் ஒன்றரைக் கோடி முதல் நான்கரைக் கோடி வரை மதிப்பிடுகின்றனர்.

யாங் ஜிஷெங் என்ற பத்திரிகையாளரின் அனுபவம் என்னை எப்போதும் உலுக்குவது. 1959-இல் அவருடைய தந்தை பட்டினியால் இறந்தார். அதைத் தம் குடும்பத்துக்கு நேர்ந்த துயரமாக மட்டுமே அந்த மாணவர் அன்று கருதினார். கட்சியின் மீது ஐயம் கொள்ளவில்லை. நாடெங்கும் அதே அவலம் என்பதை அறிவதற்கு அவருக்கு ஒரு செய்தித்தாள்கூட இல்லை. பின்னாளில் அரசுச் செய்தி நிறுவனமான ஷின்ஹுவாவில் பணியாற்றிய அவர், ஆவணங்களைத் திரட்டிப் பஞ்சத்தின் வரலாற்றை எழுதினார். 2008-இல் ஹாங்காங்கில் வெளியான அந்நூலுக்குச் சீனப் பெருநிலத்தில் இன்றும் இடமில்லை.

சுதந்திர நாளேடுகளும் தேர்தலும் உள்ள ஜனநாயக நாட்டில் பெரும் பஞ்சம் நேர்ந்ததில்லை என்று அமர்த்திய சென் கூறியதன் பொருள் இதுதான். பட்டினிச் சாவு செய்தியாகும்போது ஆட்சியாளர் பதில் சொல்லியாக வேண்டும். அதே சென், அன்றாடப் பட்டினியையும் ஊட்டச்சத்துக் குறைவையும் ஒழிப்பதில் இந்தியா சீனாவைவிடப் பின்தங்கியதையும் கடுமையாகச் சாடினார் என்பதை மறைக்கக் கூடாது. பேச்சுரிமை தானாகச் சோறு போடாது. சோறு பறிபோகும்போது கூக்குரலிட வழி தரும்.

இது பழங்கதை அன்று. 2019 டிசம்பர் 30-இல் வூஹான் நகரின் கண் மருத்துவர் லீ வென்லியாங், சார்ஸ் போன்ற தொற்று பரவுவதாகத் தம் மருத்துவ நண்பர்களை எச்சரித்தார். ஜனவரி 3-இல் காவல்துறை அவரை அழைத்து, வதந்தி பரப்பியதாகக் கண்டித்து, எழுதி வாங்கியது. இனி இவ்வாறு செய்யாதிருக்க முடியுமா என்ற கேள்விக்கு 'முடியும்' என்றும், புரிந்ததா என்ற கேள்விக்குப் 'புரிந்தது' என்றும் எழுதிக் கையொப்பமிட்டார். பிப்ரவரி 7-இல் அதே தொற்றுக்குப் பலியானார். மார்ச் மாதத்தில் காவல்துறை கண்டனத்தைத் திரும்பப் பெற்று, குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கோரியது.

சீனாவில் சட்டமே இல்லையா? இருக்கிறது. அரசமைப்பின் 35-ஆவது பிரிவு பேச்சு, பத்திரிகை, கூட்டம், சங்கம் ஆகிய சுதந்திரங்களை வழங்குகிறது. மனித உரிமைகளை அரசு மதித்துக் காக்கும் என்ற வாசகம் 2004-இல் சேர்க்கப்பட்டது. ஆனால், அந்த வாசகத்தை அரசுக்கு எதிராக எடுத்துச் செல்ல, கட்சிக்கு வெளியே ஓர் இடம் இல்லை. நீதித்துறைச் சுதந்திரம் போன்ற மேற்கத்தியக் கருத்துகளை நீதிமன்றங்கள் எதிர்க்க வேண்டும் என்று 2017-இல் பேசியவர், உச்ச மக்கள் நீதிமன்றத்தின் அப்போதைய தலைவர் சோவ் சியாங்.

அரசமைப்பு தரும் உரிமைகளை நடைமுறைப்படுத்துமாறு கோரிய '08 சாசனம்' எழுதப்படுவதில் பங்கேற்ற லியூ சியாபோவுக்கு 11 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2010-இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பட்டபோது, மேடையில் இருந்தது வெற்று நாற்காலி. 2017-இல் காவலுக்குட்பட்ட மருத்துவமனையில் புற்றுநோயால் இறந்தார். 2015 ஜூலை 9 முதல் சுமார் 300 மனித உரிமை வழக்குரைஞர்களும் ஆர்வலர்களும் பிடிக்கப்பட்டனர் அல்லது விசாரிக்கப்பட்டனர். உரிமை கேட்டவர் சிறைக்குச் சென்றார். அவர்களைப் போன்றோருக்காக வாதிட்டவர்களும் சிறைக்குச் சென்றனர்.

நம் நாட்டில் காவல் மரணங்கள் இல்லையா, விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடுவோர் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றனர்; அது வெட்கக்கேடு. நெருக்கடிநிலைக் காலத்தில் நம் நாளேடுகளும் தணிக்கைக்குள்ளாயின. ஆனால், 1977-இல் அந்த ஆட்சியை வாக்குச்சீட்டால் அகற்ற நம்மால் முடிந்தது. தவறு எல்லா ஆட்சியிலும் நேரும். தவற்றைச் சுட்டும் வாய் திறந்திருக்கிறதா என்பதே வேறுபாடு.

அன்று மாணவருக்கு நான் சுருக்கமாகவே பதில் சொன்னேன். பசித்தவனுக்கு முதலில் வேண்டியது சோறுதான். ஆனால், 'எனக்குப் பசிக்கிறது' என்பதும் ஒரு சொல்தான். அதைச் சொல்ல முடியாத இடத்தில், அவன் பசித்திருப்பது யாருக்குத் தெரியும்?