மிட்டாய்க்குள் கஞ்சாப் போதை!

அமெரிக்காவில் நெடுஞ்சாலை ஓரங்களில் பெட்ரோல் கடைகள் உண்டு. காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, அங்கேயே காப்பி, ரொட்டி, சிகரெட் எல்லாம் வாங்கலாம். 2018-ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்தக் கடைகளில் ஒரு புதுச் சரக்கு வந்து சேர்ந்தது.

பளபளக்கும் சிறு பை. உள்ளே சிவப்பும் பச்சையுமாகப் பழ மிட்டாய்கள். பார்த்தால் குழந்தைகள் தின்னும் மிட்டாய் போலவே இருக்கும். ஒன்றைத் தின்றுவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் தலை கிறுகிறுக்கும். நாக்கு வறளும். நெஞ்சு படபடக்கும். கஞ்சா குடித்தவனுக்கு என்ன ஆகுமோ, அதுதான் ஆகும்!

கஞ்சாவைப் போதைப் பொருள் பட்டியலில் வைத்திருக்கும் நாடு அது. அங்கே இந்த மிட்டாய் எப்படிக் கடைக்கு வந்தது? கேட்டால் வியாபாரிகள் சொன்ன பதில்: "இது கஞ்சா அல்ல. ஹெம்ப் செடியிலிருந்து எடுத்தது."

ஹெம்ப் போதை வேறு, கஞ்சாப் போதை வேறா?

சணல் அல்ல

ஹெம்ப் என்றதும் சிலர் நம் ஊர்ச் சணலை நினைப்பார்கள். அது தவறு. சாக்கு நெய்யும் சணல் வேறு. வயலில் தழை உரத்துக்காக விதைத்து மடக்கி உழுகிற சணப்பை வேறு. அவற்றில் போதை கிடையாது.

ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியிலேயே ஒரு வகை. நாருக்காகவும் விதைக்காகவும் வளர்ப்பது. நெடுநெடு என்று உயர்ந்து வளரும். அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல்களுக்குக் கயிறும் துணியும் இதன் நாரில்தான் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் கயிற்றுக்குத் தட்டுப்பாடு வந்தது. 1942-ல் அமெரிக்க சர்க்காரே "வெற்றிக்கு ஹெம்ப்" என்று ஒரு சினிமாப் படம் எடுத்து, விவசாயிகளைப் பயிரிடச் சொன்னது!

போதையைத் தருவது டி.எச்.சி. என்ற ரசாயனப் பொருள். கஞ்சாச் செடியின் பூவில் பிசின் போல் ஒட்டியிருக்கும். ஹெம்ப் செடியில் அது மிகவும் குறைவு. கஞ்சாவில் அதிகம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த அளவில்தான்.

பஸ்ஸில் போன ஹஷீஷ்

இந்த டி.எச்.சி.யைத் தனியே பிரித்து, அதன் அமைப்பைக் கண்டு சொன்னவர்கள் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள். ஒருவர் ரபேல் மெக்கூலம். மற்றவர் யெகியேல் காவோனி. ஆண்டு 1964.

ஆராய்ச்சிக்குச் சரக்கு வேண்டுமே! மெக்கூலம் போலீசாரிடமே போய்க் கேட்டார். அவர்கள் பிடித்து வைத்திருந்த ஹஷீஷில் 5 கிலோவைக் கொடுத்தார்கள். ஹஷீஷ் என்பது கஞ்சாப் பிசினை உருட்டிச் செய்வது. அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார் விஞ்ஞானி. "இது என்ன வாசனை?" என்று பிரயாணிகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம்!

அவர்கள் கண்டது இது: டி.எச்.சி.யில் கரி அணு 21, ஹைட்ரஜன் அணு 30, பிராண வாயு அணு 2. செடி எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. கரும்பில் எடுத்தாலும் பீட்ரூட் கிழங்கில் எடுத்தாலும் சர்க்கரை சர்க்கரைதான் அல்லவா? அப்படித்தான் இதுவும். சிறுநீரைப் பரிசோதிக்கும் சாதாரண சோதனையில், உள்ளே போனது ஹெம்ப் மிட்டாயா, கஞ்சாவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஹெம்ப் மிட்டாய்தானே என்று தின்றுவிட்டு வேலைக்கான பரிசோதனைக்குப் போனவனும் அகப்பட்டுக்கொள்வான்.

0.3 வந்த கதை

அப்படியானால் சட்டம் ஏன் பிரித்தது?

1976-ல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிராங்க்விஸ்ட் என்ற இரண்டு தாவர நூல் அறிஞர்கள் கஞ்சாச் செடிகளை வகை பிரித்தார்கள். எங்காவது ஒரு கோடு போட வேண்டும். டி.எச்.சி. 0.3 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் ஒரு வகை, மேலே இருந்தால் இன்னொரு வகை என்று வைத்தார்கள். செடிகளை அடுக்குவதற்காகப் போட்ட கோடு அது. மனிதனுக்கு எவ்வளவு ஆகும், எவ்வளவு ஆகாது என்று டாக்டர் பார்த்துப் போட்ட கோடு அல்ல!

2018 டிசம்பர் 20-ந் தேதி கையெழுத்தான அமெரிக்க விவசாயச் சட்டம் அதே கோட்டை எடுத்துக்கொண்டது. காய்ந்த எடையில் 0.3 சதவிகிதத்துக்கு மேல் டெல்டா-9 டி.எச்.சி. இல்லாவிட்டால் அது ஹெம்ப். அது போதைப் பொருள் அல்ல. அதிலிருந்து எடுக்கும் பொருள்களுக்கும் இதே சலுகை.

வயலுக்கு இது சரி. மிட்டாய்க்கு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மிட்டாய் 4 கிராம் எடை. அதாவது 4,000 மில்லிகிராம். அதில் 0.3 சதவிகிதம் 12 மில்லிகிராம். கொலராடோ மாநிலத்தில் லைசென்ஸ் பெற்ற கஞ்சாக் கடையில் விற்கும் தின்பண்டத்தில் ஒரு வேளை அளவே 10 மில்லிகிராம்தான்! கஞ்சாக் கடை மிட்டாயைவிட, "கஞ்சா அல்லாத" மிட்டாயில் போதை அதிகம்.

இன்னொரு வேடிக்கை. பயிரில் கோட்டுக்குச் சற்று மேலே போய்விட்டால் விவசாயி அதை அப்படியே விற்க முடியாது. அழிக்க வேண்டியதுதான், அல்லது சீர்ப்படுத்தி மறுபடி சோதனைக்கு விட வேண்டும். மிட்டாய் வியாபாரிக்கு அந்தத் தொல்லை கிடையாது.

அமிலத்தில் பிறந்த டெல்டா-8

வியாபாரிகள் அதோடு நிற்கவில்லை. ஹெம்ப் செடியில் சி.பி.டி. என்ற பொருள் ஏராளம். அது போதை தராது. அதை அமிலத்தோடு சேர்த்துப் பக்குவம் செய்தால் டெல்டா-8 டி.எச்.சி. என்ற பொருளாக மாறும். டெல்டா-9-க்குத் தம்பி என்று சொல்லலாம். போதை சற்று மட்டு, ஆனாலும் போதைதான். சட்டத்தில் டெல்டா-9-க்கு மட்டுமே அளவு சொல்லியிருந்தது. இதற்குச் சொல்லவில்லை. 2022-ல் ஒரு மேல் கோர்ட்டும் வியாபாரிகள் பக்கமே பேசியது.

பக்குவம் சரியாக இல்லாவிட்டால் வேறு என்னென்னவோ பொருள்களும் உள்ளே தங்கிவிடும். லைசென்ஸ் கஞ்சாக் கடையில் 21 வயது ஆகாதவர் நுழைய முடியாது. சரக்கைச் சோதனைக் கூடத்தில் பரிசோதித்த பிறகே விற்க வேண்டும். குழந்தை திறக்க முடியாத பையில்தான் போட வேண்டும். ஹெம்ப் மிட்டாய்க்கு நாடு முழுவதற்குமான வயது வரம்புகூட 2018 சட்டத்தில் இல்லை. மினசோட்டா போன்ற சில மாநிலங்கள் தாமாக விதி செய்தன. அங்கே 2022 முதல் 21 வயது நிரம்பியவருக்கு மட்டும், ஒரு வேளைக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு.

கண்டுபட்டவர்கள் குழந்தைகள்தாம். 2021 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி வரை, 14 மாதங்களில், டெல்டா-8 சம்பந்தமாக விஷ முறிவு ஆலோசனை நிலையங்களுக்கு 2,362 கேஸ்கள் வந்தன என்று அமெரிக்க உணவு மருந்து இலாகா அறிவித்தது. அவர்களில் 100-க்கு 41 பேர் 18 வயது ஆகாதவர்கள். ஒரு குழந்தை இறந்தும் போயிற்று.

புகையாகக் குடித்தால் சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். தின்றால் அப்படி அல்ல. வயிற்றில் கரைந்து, ஈரலுக்குப் போய், அங்கே இன்னும் கடுமையான ஒரு பொருளாக மாறி மூளைக்கு ஏறும். அரை மணியும் ஆகலாம். 2 மணி நேரமும் ஆகலாம். "ஒன்றும் செய்யவில்லையே" என்று பெரியவர்களே இரண்டாவது மிட்டாயை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். மேஜை மேல் கிடக்கும் பையைக் கண்ட மூன்று வயதுக் குழந்தை ஒன்றோடு நிறுத்துமா?

கதவைத் திறந்தவரே மூடினார்

கென்டக்கி மாநிலத்துச் செனட்டர் மிச் மெக்கானல். அவருடைய மாநிலத்தில் ஹெம்ப் பழைய பயிர். 2018-ல் முன்னின்று ஹெம்ப்புக்கு விடுதலை வாங்கித் தந்தவர் அவர். 2025-ல் அதை இறுக்கக் கட்டும் புதிய விதிக்கு முன் நின்றவரும் அவரே! நாருக்கும் விதைக்கும் வழி செய்தோமே தவிர, போதை மிட்டாய்க்கு அல்ல என்பது அவர் கட்சி. அதே கென்டக்கியின் மற்றொரு செனட்டர் ராண்ட் பால் எதிர்த்து வாதாடினார். விவசாயிகள் பாழாகிவிடுவார்கள் என்றார். வாதம் எடுபடவில்லை.

2025 நவம்பர் 12-ந் தேதி சட்டம் கையெழுத்தாயிற்று. டெல்டா-9 மட்டும் அல்ல, எல்லா வகை டி.எச்.சி.யையும் கூட்டிக் கணக்கெடுக்க வேண்டும். செடியில் இயற்கையாக இல்லாமல் ரசாயனக் கூடத்தில் உண்டாக்கிய சரக்கு ஹெம்ப் ஆகாது. சதவிகிதக் கணக்கு மட்டும் போதாது. விற்கும் பை ஒன்றுக்கு, உள்ளே எத்தனை மிட்டாய் இருந்தாலும், மொத்தம் 0.4 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஓராண்டு கழித்து, 2026 நவம்பரில் இது அமலுக்கு வரும் என்று சட்டம் நாள் குறித்தது.

பழைய கணக்கில் 4 கிராம் மிட்டாய் ஒன்றில் இருக்கலாம் என்ற 12 மில்லிகிராம், புதுக் கணக்கில் 30 பைகளுக்கு உரிய அளவு.