இரவை அளக்கும் செடி

‘சேவிங் கிரேஸ்’ 2000-இல் வந்த பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம். கணவன் செத்த பிறகுதான் அவன் வைத்துவிட்டுப் போன கடன் கிரேஸுக்குத் தெரியவருகிறது. வீடு கைவிட்டுப் போகும் நிலை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஆர்க்கிட் வளர்ப்பு. தோட்டக்காரன் மறைவில் நட்டுச் சோனியாகிக் கிடந்த கஞ்சாச் செடியைத் தன் கண்ணாடிக் குடிலுக்குக் கொண்டுவந்து தேற்றுகிறாள். கொஞ்ச நாளில் ஆர்க்கிட் வெளியே, கஞ்சா உள்ளே. ராத்திரி விளக்கைப் போட்டால் கார்ன்வால் கடலோரக் கிராமமே பளபளக்கிறது. ஊருக்கு விஷயம் தெரியும், வாய்தான் திறப்பதில்லை. பிரெண்டா பிளெதினின் நடிப்புக்காகவே பார்க்கலாம். ஆனால் படத்தின் உண்மையான கதாநாயகன் அந்த விளக்கு என்பேன்.

காரணம், கஞ்சா பகல் குறுகும்போது பூக்கும் இனம். பூதான் அதில் எல்லாமே. பெண் பூவைச் சுற்றியுள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில்தான் பிசின் மிகுதியாகத் திரள்கிறது. அதன் போதைச் சரக்கான டி.எச்.சி.யை 1964-இல் இஸ்ரேலில் கவோனியும் மெக்கூலமும் பிரித்தெடுத்தார்கள். நம் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டமும் செடியின் பூ, காய்த் தலைப்பைத்தான் கஞ்சா என்கிறது. தலைப்போடு சேராத விதையும் இலையும் அந்தக் கணக்கில் வராது. அதை நம்பி யாரும் கொல்லையில் நட்டுவிட வேண்டாம். சாகுபடிக்கே 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கிரேஸ் நம் புதுச்சேரியில் வில்லியனூர்ப் பக்கம் குடில் போட்டிருந்தால் படம் அரை மணியில் முடிந்திருக்கும்.

இந்தச் செடிக்கும் புதுச்சேரிக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. 1783 உடன்படிக்கையில், புதுச்சேரியைச் சுற்றி இருக்கட்டும் என்று வில்லியனூர், பாகூர் இரண்டு வட்டாரங்களையும் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்தார்கள். இரண்டே ஆண்டில், 1785-இல், பாரிஸில் தாவரவியலாளர் லமார்க் ஒரு செடிக்கு ‘கன்னாபிஸ் இண்டிகா’ என்று பெயர் சூட்டினார். 1753-இல் லின்னேயஸ் பெயரிட்ட ஐரோப்பியச் செடியிலிருந்து இது வேறு, தண்டு கடினம், நார் எடுக்க உதவாது, ஆனால் ஆளைக் கிறக்கும் என்பது அவர் கணிப்பு. அவர் கையில் இருந்த உலர்ந்த மாதிரி, இந்தியாவிலிருந்து பியர் சொன்னரா கொண்டுபோனது. சொன்னரா புதுச்சேரியில் பிரெஞ்சு அரசுப் பணியில் இருந்தவர். நம் கரையின் பறவைகளையும் செடிகளையும் படம் போட்டு 1782-இல் புத்தகமாக்கியவர்.

பூ எப்போது வரும் என்பதைச் செடி எப்படி முடிவு செய்கிறது? இந்தக் கேள்விக்கு முதல் துப்புக் கொடுத்ததும் இதே செடிதான். 1912 வாக்கில் ஜூலியன் துர்னுவா என்ற பிரெஞ்சுக்காரர், குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலில் முளைத்த ஹாப்ஸ் கொடியும் சணல் வகைக் கஞ்சாவும் முழங்கால் உயரம் வருமுன்பே பூப்பதைக் கவனித்தார். சூடு காரணமில்லை, உரம் காரணமில்லை. வெளிச்ச நேரத்தைக் குறைத்துப் பார்த்தார், பூத்தது. பகல் குறைவதைவிட இரவு நீள்வதே காரணம் என்று 1914-இல் எழுதினார். அந்த ஆண்டு வெடித்த போர் அவரை விழுங்கிவிட்டது. 1920-இல் அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் புகையிலைத் தொட்டிகளை மாலைக்கு முன்பே இருட்டுக் கொட்டகையில் அடைத்து இதையே விரிவாக நிறுவினார்கள். புகழ் அவர்களுக்குப் போனது. இரவைத்தான் செடி அளக்கிறது என்பதற்கு 1938-இல் ஹாம்னரும் பானரும் சாட்சி காட்டினார்கள். நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைக் காட்டினால் போதும், பூ நின்றுவிடும். பகல் நடுவே இருட்டைக் காட்டினால் செடி சட்டை செய்வதில்லை.

அளவுகோல், இலைக்குள் இருக்கும் பைட்டோகுரோம் என்ற புரதம். சிவப்பு ஒளி பட்டால் விழித்த வடிவுக்கு மாறும். இருட்டில் மெல்லப் பழைய வடிவுக்குத் திரும்பும். செடியின் உள்கடிகாரத்தோடு இது சேரும்போது இரவின் நீளம் பிடிபட்டுவிடுகிறது. கர்நாடகத்தில் சிக்கபள்ளாப்பூர்ப் பக்கம் சாமந்தித் தோட்டத்தில் ராத்திரி பல்பு எரிவது, சாமந்தியை ஏமாற்றிப் பூவைத் தள்ளிப்போடத்தான். அங்கே போலீஸ் வருவதில்லை.

கார்ன்வாலில் கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல், குளிர்காலத்தில் 8. பாகூரில் ஜூனுக்கும் டிசம்பருக்கும் வித்தியாசமே ஒன்றரை மணிக்கும் குறைவுதான். இந்தச் சின்ன வித்தியாசம் நெல்லுக்குப் போதும். ஒட்டடையான் போன்ற பழைய சம்பா ரகங்களை முன்னே பின்னே விதைத்தாலும், இரவு நீண்ட பிறகுதான் கதிர் கட்டும். தெருவிளக்கு வெளிச்சம் விழும் வயல் மூலையில் மட்டும் பச்சையாகவே நிற்கும். மலேசியாவின் மலாக்காவில் ஆண்டு முழுவதும் பகல் மாறுவது 14 நிமிடம். அங்கே ‘சயாம் 29’ என்ற நெல்லை ஜனவரியில் விதைத்தால் விளைய 329 நாள், செப்டம்பரில் விதைத்தால் 161 நாள் என்று 1959-இல் பதிவானது. அந்த 14 நிமிடத்தை நெல் கவனித்திருக்கிறது; நமக்குக் கடிகாரம் கட்டியும் தெரியாது. சொர்ணவாரி, நவரை என்று எந்தப் பட்டத்துக்கும் ஒத்துவரும் குறுகியகால ரகங்கள், இரவு நீளத்துக்கான இந்தக் கூச்சத்தைக் கழித்துவிட்டு உருவாக்கப்பட்டவை.

‘சேவிங் கிரேஸ்’ படத்தில் அறிவியல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கடை நடத்தும் இரண்டு கிழவிகள் தேயிலை என்று நினைத்துக் கஞ்சா இலையில் டீ போட்டுக் குடித்துவிட்டுச் சிரியாய்ச் சிரிக்கிறார்கள். பச்சை இலையில் இருப்பது போதை தராத அமில வடிவம். நல்ல சூடு பட்டால்தான் அது மாறும். மாறினாலும் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில்தான் கரையும். வட இந்தியாவில் பாங்கைப் பாலில் கலக்குவது சும்மா இல்லை. ஆனால் இங்கிலாந்துக் கிழவிகள் பால் ஊற்றாமல் டீ குடிப்பார்களா என்ன? இயக்குநர் நைஜல் கோலுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்துவிடலாம்.